தமிழ் ஸ்லைடு படிக்க வரவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

ஸ்லைடு தயாரிப்பதற்கு அறிவுரை சொல்ல ஆள் குறைவில்லை. ஒரு ஸ்லைடில் ஆறு வரி, ஒரு வரியில் ஆறு சொல், எழுத்து அளவு 24 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல் என்று விதிகளை ஒப்பிப்பார்கள். அவை பெரும்பாலும் ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதிய விதிகள். தமிழில் மேல்விலங்கும் (‘கி’யின் தலைக்குறி) மெய்யெழுத்தின் புள்ளியும் வரிக்கு மேலே ஏறும். கீழ்விலங்கு (‘கு’வின் அடிக்குறி) வரிக்குக் கீழே இறங்கும். சொல்லோ வேற்றுமை உருபையும் துணைவினையையும் ஒட்டிக்கொண்டு நீண்டுகொண்டே போகும். ஆகவே தமிழ் ஸ்லைடு கெட்டுப்போகும் இடங்களும் வேறு. உங்கள் ஸ்லைடில் எந்த அறிகுறி தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். மெனு பெயர்கள் பவர்பாயின்டுக்கு உரியவை. மற்ற மென்பொருள்களிலும் இதே வசதிகள் வேறு பெயரில் இருக்கும்.

எதையும் திருத்துவதற்கு முன் ஒரு சோதனை

அரங்கின் திரை எவ்வளவு அகலம், கடைசி வரிசை திரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரை 2 மீட்டர், கடைசி வரிசை 10 மீட்டர் என்றால், அங்கே உட்காருபவர் திரை அகலத்தைப் போல் ஐந்து மடங்கு தள்ளி இருக்கிறார். 14 அங்குல மடிக்கணினியின் திரை ஏறத்தாழ 31 செ.மீ. அகலம். அதில் ஐந்து மடங்கு, அதாவது ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஸ்லைடை முழுத்திரையில் ஓடவிட்டுப் படியுங்கள். அங்கிருந்து படிக்க முடியாதது அரங்கிலும் படிக்க முடியாது. மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பவருக்கு எந்த ஸ்லைடும் நன்றாகத்தான் தெரியும்.

அறிகுறி: தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்து, கட்டம், புள்ளி வட்டம்

மூன்றும் மூன்று வேறு கோளாறுகள்.

ஆங்கில எழுத்து வந்தால், அந்த ஸ்லைடு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. அத்தகைய கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது அந்த எழுத்துரு மட்டும். பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று பல்லை இளிக்கும். அந்தக் கணினியில் பாமினியை நிறுவினால் அன்றைய கூட்டம் தப்பிக்கும். நிலையான தீர்வு, சுரதா, என்எச்எம் போன்ற எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிடுவதுதான்.

மாற்றிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பழைய எழுத்துருக்களில் ‘ர்’ வேண்டும் என்றால் பலர் காலை (‘ா’) போட்டு அதன் தலையில் புள்ளி வைத்துவிடுவார்கள்; அச்சில் வேறுபாடு தெரியாது. ஒருங்குறிக்கு வந்ததும் ‘அவர்’ என்பது ‘அவா்’ ஆகிவிடும். சில எழுத்துருக்களில் அது உடைந்து தெரியும். சிலவற்றில் சரியாக இருப்பது போலவே நடிக்கும், ஆனால் ‘அவர்’ என்று தேடினால் அகப்படாது. ‘ரி’, ‘ரீ’ ஆகியவற்றுக்கும் இதே கதி. மாற்றிய உரையை ஸ்லைடில் ஒட்டுவதற்கு முன் நோட்பேடில் வைத்து, ‘ா்’ வரும் இடமெல்லாம் ‘ர்’, ‘ாி’ வரும் இடமெல்லாம் ‘ரி’, ‘ாீ’ வரும் இடமெல்லாம் ‘ரீ’ என்று மொத்தமாக மாற்றுங்கள். தமிழில் காலுக்குப் பின் புள்ளியோ விலங்கோ முறைப்படி வருவதே இல்லை என்பதால், தவறாக எதுவும் மாறிவிடும் என்ற பயம் வேண்டாம்.

கட்டம் கட்டமாக வந்தால் உரை ஒருங்குறிதான். அதைக் காட்டத் தமிழ் எழுத்துரு அங்கே கிடைக்கவில்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ கூடவே வருகிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். புள்ளிகளால் ஆன வட்டம் வந்தால், மெய் இல்லாமல் உயிர்க்குறி மட்டும் நிற்கிறது, அல்லது ஒரே எழுத்துக்கு இரண்டு குறி விழுந்திருக்கிறது. அந்த எழுத்தை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி அடித்தால் போதும்.

அறிகுறி: வீட்டில் ஒழுங்காக இருந்தது, அரங்கின் கணினியில் வரிகள் இடம் மாறிவிட்டன

எழுத்துருப் பெட்டியில் ஏரியல் என்றோ கலிப்ரி என்றோ இருக்கும். நீங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நம்பியிருப்பீர்கள். அந்த இரண்டிலும் தமிழ் எழுத்தே கிடையாது. கணினி சத்தமில்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவை இரவல் வாங்கிக் காட்டுகிறது. உங்கள் கணினி வாங்கிய இரவல் ஒன்று, அரங்கின் கணினி வாங்குவது வேறொன்று. எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறிவிடுவதால், நாலு வரியில் அடங்கியது ஐந்தாக வழிகிறது. விஜயா எழுத்துருவும் லதா எழுத்துருவும் ஒரே புள்ளி அளவில் எவ்வளவு வேறுபட்டுத் தெரியும் என்று ஒரு முறை அடித்துப் பாருங்கள். விஜயா பொடிப்பொடியாக நிற்கும்.

எனவே தமிழ் உரைக்குத் தமிழ் எழுத்துருவையே பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். லதா எல்லா விண்டோஸிலும் இருக்கும் என்ற நினைப்பு பழையது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. அந்தத் தொகுப்பை நிறுவாத கணினியில் கிடைக்காது. மேக் கணினியில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி ஆகியவை இருக்கும். இரண்டு பக்கமும் ஓட வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. என் விருப்பம் முக்த மலர். தூரத்திலிருந்தும் எழுத்தின் உள்வெளி அடைபடாமல் தெரிகிறது.

பிறகு ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ என்று போய், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் ‘எம்பெட் ஃபான்ட்ஸ்’ பெட்டியில் டிக் செய்யுங்கள். சில எழுத்துருக்கள் இதற்கு அனுமதிப்பதில்லை. அதனால் பென்டிரைவில் ஒரு பிடிஎஃப் பிரதியும் இருக்கட்டும். அசைவுகள் போய்விடும், எழுத்து போகாது. அசைவுகள் போனதற்காக அவையில் யாரும் அழுததாகத் தெரியவில்லை.

அறிகுறி: மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றோடொன்று இடிக்கின்றன

இதுதான் தமிழ் ஸ்லைடுகளின் தலையாய கோளாறு. ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இதற்குத் தனியாக இடம் இருக்காது, ஏனெனில் அவர்களுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

மேல் வரியில் ‘மழைப்பொழிவு’, அதன் கடைசி எழுத்துக்கு நேர் கீழே ‘நீர்மட்டம்’ தொடங்குமாறு வைத்துப் பாருங்கள். ‘வு’வின் கீற்று கீழே இறங்குகிறது, ‘நீ’யின் சுழி ஏறுகிறது. இடைவெளி குறைந்தால் இரண்டும் ஒட்டி, தூரத்தில் இருப்பவருக்குப் புதிதாக ஓர் எழுத்து முளைத்தது போல் தெரியும். புள்ளி வைத்த எழுத்துகளின் நிலை இன்னும் மோசம். மேல் வரியின் வால் புள்ளியைத் தொட்டுவிட்டால் ‘ம்’ எது, ‘ம’ எது என்று பிரிக்க முடியாது.

காரணம் இரண்டு. 2013 முதல் பவர்பாயின்டோடு வரும் வழக்கமான வடிவமைப்பில் வரி இடைவெளி 0.9 மடங்குதான். ஆங்கிலத்துக்கு அது சிக்கனம், தமிழுக்கு நெருக்கடி. இரண்டாவது காரணம் ‘ஆட்டோஃபிட்’. பெட்டிக்குள் உரை அடங்காதபோது பவர்பாயின்ட் தானே எழுத்தைச் சிறிதாக்குகிறது. அப்போது வரி இடைவெளியையும் சேர்த்துக் குறைக்கிறது. ஏற்கெனவே நெருங்கியிருந்த வரிகள் இன்னும் நெருங்கி இடித்துக்கொள்கின்றன. நீங்கள் 28 என்று வைத்தது எப்போது 22 ஆனது என்று உங்களுக்கே தெரியாது.

முதலில் ஆட்டோஃபிட்டை நிறுத்துங்கள். பெட்டியின் மேல் வலது சொடுக்கு, ‘ஃபார்மட் ஷேப்’, அதில் ‘டெக்ஸ்ட் பாக்ஸ்’, அங்கே ‘டு நாட் ஆட்டோஃபிட்’. பிறகு பத்தி அமைப்பில் ‘மல்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து வரி இடைவெளியை 1.1 அல்லது 1.15 ஆக்குங்கள். இதை ஒவ்வொரு ஸ்லைடிலும் செய்துகொண்டிருக்க வேண்டாம். ‘வியூ’ மெனுவில் ‘ஸ்லைடு மாஸ்டர்’ திறந்து, அங்கே ஒரு முறை மாற்றினால் எல்லா ஸ்லைடுக்கும் சேரும். நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்றால் ‘ஆப்ஷன்ஸ்’, ‘ப்ரூஃபிங்’, ‘ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்’ வழியாகப் போய், தலைப்புக்கும் உடல் உரைக்கும் உள்ள இரண்டு ஆட்டோஃபிட் டிக்குகளையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது உரை பெட்டியை விட்டு வெளியே வழியும். வழியட்டும். அதிகமாக எழுதிவிட்டோம் என்று முன்பு உங்களிடமிருந்து மறைக்கப்பட்ட செய்தி அது.

அறிகுறி: எழுத்துப் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனாலும் படிப்பதற்குள் ஸ்லைடு போய்விடுகிறது

இங்கே பழுது எழுத்துருவில் இல்லை, வாக்கியத்தில். நாம் பேச நினைத்தால் எளிமையாகப் பேசுகிறோம். ஸ்லைடைத் திறந்ததும் அரசாணை எழுதத் தொடங்கிவிடுகிறோம். ஓர் எடுத்துக்காட்டு:

‘வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாநிலத்தின் மொத்த ஆண்டு மழைப்பொழிவில் சுமார் 48 விழுக்காடு பெறப்பட்டு வருகின்றது.’

இதில் சேதி இரண்டே இரண்டு: வடகிழக்குப் பருவமழை, 48 விழுக்காடு. ‘பெறப்பட்டு வருகின்றது’ மட்டும் திரையில் கால் வரியைத் தின்கிறது. பவர்பாயின்ட் தமிழ்ச் சொல்லை நடுவில் வெட்டி இணைப்புக்கோடு போடாது. நீண்ட சொல் அடங்கவில்லை என்றால் அப்படியே அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். மேல் வரியின் வலப்பக்கம் பொக்கை விழும். செயப்பாட்டு வினையை எடுத்துவிட்டாலே பாதிக் கோளாறு தீரும். ‘மேற்கொள்ளப்பட்டுள்ளது’ என்பதற்கு ‘செய்தோம்’ அல்லது ‘முடிந்தது’. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று முடியும் வரியில் அந்த இரண்டு சொல்லையும் நீக்கிப் பாருங்கள், எதுவும் குறையாது.

மேலே உள்ள வரி ஸ்லைடில் இப்படி நின்றால் போதும்: ‘வடகிழக்குப் பருவமழை: 48%’. மீதியைச் சொல்லத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

அளவுக்கு ஒரு குறிப்பு. கண் மருத்துவர் 6 மீட்டரிலிருந்து படிக்கச் சொல்லும் பலகையில், குறைபாடில்லாத பார்வைக்கான வரியின் எழுத்து 8.7 மி.மீ. உயரம். அது படிக்க முடிவதன் எல்லை, படிக்க வசதியான அளவு அல்ல. 10 மீட்டரில் அதே எல்லை 14.5 மி.மீ. ஆகும். 2 மீட்டர் திரையில், 16:9 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) ஸ்லைடின் 24 புள்ளி எழுத்துக்கு ஒதுக்கப்படும் மொத்த உயரம் சுமார் 5 செ.மீ.; அதில் விலங்குக்கும் வாலுக்கும் இடம் போக ‘க’வின் உடல் ஏறத்தாழ பாதிதான். எல்லையை அது தாண்டிவிடுகிறது, தாராளமாக இல்லை. ‘ஞ’, ‘ணை’ போன்ற நெளிவு மிகுந்த எழுத்துகள் இருப்பதால், தமிழுக்கு 28 முதல் 32 என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

அறிகுறி: முக்கியமான சொல்தான் மங்கித் தெரிகிறது

அதைத் தடித்த எழுத்தாகவும் சாய்வாகவும் ஆக்கியிருப்பீர்கள், அடியில் கோடும் போட்டிருப்பீர்கள். மூன்றையும் எடுத்துவிடுங்கள். சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லாதது; எழுத்துருவில் அது இல்லாதபோது கணினி நேரான எழுத்தைப் பிடித்துச் சாய்க்கிறது. தடித்த வடிவம் தனியாக இல்லாத எழுத்துருவிலும் இப்படித்தான், கோடுகளை ஊதிப் பெருக்கும். ‘ண’வின் சுழிகள் அடைந்துபோகும். அடிக்கோடு கீழ்விலங்குகளை வெட்டிக்கொண்டு போகும். முக்கியமான சொல்லுக்கு ஒரு நிறம் கொடுங்கள், அல்லது அளவைக் கூட்டுங்கள். தடிப்புதான் வேண்டும் என்றால் பல தடிப்புகள் உள்ள எழுத்துருவில் நடுத்தரத் தடிப்பைத் தேர்ந்தெடுங்கள். நிழல், விளிம்புக்கோடு, ஒளிவட்டம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம்.

அறிகுறி: மடிக்கணினியில் பளிச்சென்று இருந்த நிறம் திரையில் வெளுத்துவிட்டது

புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. அது ஒளியை மட்டுமே பாய்ச்சும்; கறுப்பு என்று நீங்கள் நினைப்பது ஒளி விழாத திரை. குழல் விளக்கு எரியும் வகுப்பறையில் அந்தத் திரை சாம்பல் நிறம். ஆகவே கருநீலப் பின்னணியில் வெளிர் எழுத்து இருட்டான அரங்கில் எடுபடும், சன்னல் திறந்த அறையில் கரைந்துபோகும். அறை எப்படி என்று தெரியாவிட்டால் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. சலிப்பாகத் தோன்றலாம், ஆனால் ஏமாற்றாது.

இணைய அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற ஒளி வேறுபாட்டைக் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. கறுப்பும் வெள்ளையும் 21:1. வெள்ளையில் முழுச் சிவப்பு 4:1 மட்டுமே. நீலத்தின் மேல் சிவப்பு 2.15:1, விழா மேடைகளில் நமக்குப் பிடித்த இணை அதுதான். வெள்ளையில் மஞ்சள் 1.07:1, அதாவது எழுதாமல் விட்டதற்குச் சமம். புரொஜெக்டரில் இந்த விகிதங்கள் இன்னும் சரியும் என்பதால் எல்லையை ஒட்டி நிற்க வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து ‘தோல்வி, வெற்றி’ காட்டாதீர்கள். அவையில் சிலருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். கூடவே சொல்லோ குறியோ இருக்கட்டும்.

அறிகுறி: எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, என்ன சொல்ல வருகிறது என்றுதான் புரியவில்லை

தலைப்பைப் பாருங்கள். ‘ஒரு பார்வை’, ‘ஓர் ஆய்வு’, ‘ஓர் அறிமுகம்’ என்று முடிகிறதா? அப்படியானால் தலைப்பு எதையும் சொல்லவில்லை. கீழே உள்ள குறிகளில் (புல்லட்) எது முக்கியம் என்று கண்டுபிடிக்கும் வேலையை அவையிடம் தள்ளிவிட்டது.

இதன் கொடிய எடுத்துக்காட்டு 2003-இல் நடந்தது. ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பிய சுமார் 82 விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. ஓடம் வானத்தில் இருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே நிற்கின்றன என்று நிம்மதி தரும் தொனியில் இருந்தது. அதற்குக் கீழே குறிக்குள் குறியாக உரை இறங்கிக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் கடைசியில், சிறிய எழுத்தில், உண்மையான சேதி: சோதனையில் மோதவிட்ட துண்டு 3 கன அங்குலம், ஓடத்தில் மோதியதாக மதிப்பிட்ட துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு. அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதுதான் தலைப்பாக இருந்திருக்க வேண்டும். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். விபத்துக்கு ஸ்லைடு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை, அந்த ஒற்றை ஸ்லைடைத் தனியாக எடுத்து வைத்துக் குறை சொன்னது.

திருத்தும் வழி: ஸ்லைடின் கடைசிக் குறியை முதலில் படியுங்கள். பல நேரம் சேதி அங்கேதான் ஒளிந்திருக்கும். அதைத் தூக்கித் தலைப்பில் வையுங்கள், முழு வாக்கியமாக. ‘தமிழ்நாட்டின் மழைப்பொழிவு: ஒரு பார்வை’ போய், ‘தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது’ என்று வரட்டும். கீழே உள்ள குறிகளில் இந்த வாக்கியத்துக்குச் சாட்சி சொல்லாதவற்றை அடித்துவிடலாம்.

அறிகுறி: வரைபடத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கண்ணைச் சுருக்குகிறார்கள்

அதே மழையை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவம் சுமார் 48%, தென்மேற்கு சுமார் 35%, மீதி குளிர்காலத்திலும் கோடையிலும். இதைச் சாய்த்து வைத்த முப்பரிமாண வட்டப்படமாகப் போட்டால், முன்னால் வரும் துண்டு அதன் உண்மையான பங்கைவிடப் பெரிதாகத் தெரியும். 35, 48-ஐ விழுங்கிவிடும். படுக்கைப் பட்டைகளாகப் போடுங்கள். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை; நின்ற பட்டைகளின் அடியில் அவை சாய்ந்து, கழுத்தைத் திருப்பிப் படிக்க வைக்கும். படுக்கைப் பட்டையில் இடப்பக்கம் நேராக உட்காரும். வடகிழக்குப் பட்டைக்கு மட்டும் நிறம், மற்றவை சாம்பல். எண்ணைப் பட்டையின் நுனியிலேயே எழுதிவிட்டால் கட்டக் கோடுகளும் தனியான நிறக்குறிப்பும் தேவைப்படாது.

தொகை காட்டும் படங்களில் அச்சில் மில்லியன் வந்து நின்றால், அச்சு அமைப்பில் ‘டிஸ்ப்ளே யூனிட்ஸ்’ பாருங்கள். பட்டியலில் 100000, 10000000 என்ற இரண்டும் இருக்கின்றன. நம்முடைய லட்சமும் கோடியும்தான் அவை. தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தில் தோன்றும் குறிப்பைத் தமிழில் ‘லட்சம் ரூபாய்’ என்று மாற்றி எழுதிவிடலாம்.

அறிகுறி: திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, அல்லது எழுத்துகள் ஒடுங்கிப்போயிருக்கின்றன

பழைய புரொஜெக்டர்கள் பல 1024×768, அதாவது 4:3. 2013-க்குப் பிந்தைய பவர்பாயின்ட் கேட்காமலே 16:9 ஸ்லைடைத் திறக்கிறது. கறுப்புப் பட்டையால் கெடுதல் இல்லை, எழுத்துதான் சற்றுச் சிறிதாகும். எழுத்து ஒடுங்கினாலோ இழுபட்டாலோ கோளாறு புரொஜெக்டர் அமைப்பில், ஸ்லைடைத் தொடாதீர்கள். முன்கூட்டியே 4:3 என்று தெரிந்தால் ‘டிசைன்’ மெனுவில் ‘ஸ்லைடு சைஸ்’ மாற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: அவை படிக்கிறது, உங்களைக் கேட்கவில்லை

ஸ்லைடில் இருக்கும் வாக்கியத்தையே நீங்களும் வாசிக்கிறீர்கள். உங்கள் வாயைவிட அவர்கள் கண் வேகம். முன்னாலேயே முடித்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறார்கள். நீங்கள் பேச வேண்டியதை ஸ்லைடிலிருந்து வெட்டிக் கீழே ‘நோட்ஸ்’ பகுதியில் ஒட்டிவிட்டால் அது ‘பிரசென்டர் வியூ’வில் உங்களுக்கு மட்டும் தெரியும். அச்சடித்துக் கொடுக்க வேண்டிய விவரம் என்றால் தனித்தாளாக, கூட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். நடுவில் ஸ்லைடைப் பார்க்காமல் உங்களைக் கேட்க வேண்டிய நேரம் வந்தால், விசைப்பலகையில் பி எழுத்தை அழுத்துங்கள், திரை அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து வரும். விசைப்பலகை அப்போது தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் இருந்தால் அது வேலை செய்யாமல் போகலாம். பேச ஏறுவதற்கு முன் ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.